தாத்தாவின் துப்பாக்கி வேண்டாம், தோட்டாவுக்கு வழி தேடுங்கள்

கேள்வி: நான் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியை (படுகர் ஊர்) சேர்ந்தவள். வயது 19. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என்.சி.சி. முகாமில் பாயிண்ட் டூ டூ ரைபிள் சுட்டு முதலிடம் வந்தேன். பாரிஸ் ஒலிம்பிக்கில், பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ட்ராப் போட்டியைப் பார்த்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. தாத்தாவிடம் உரிமத்தோடு ஒரு பழைய டபுள் பேரல் துப்பாக்கி இருக்கிறது. அதை வைத்து எங்கள் தோட்டத்திலேயே பழகலாமா? ட்ராப், அதே போலத் தட்டைச் சுடும் ஸ்கீட் இரண்டில் எனக்கு எது சரி? மலையில் இருந்துகொண்டே இதை வாழ்க்கைத் தொழிலாக எடுத்துக்கொள்ள முடியுமா?

பதில்:

முதலில் தாத்தாவின் துப்பாக்கி. அதைத் தொட வேண்டாம். உரிமம் என்பது ஓர் ஆளுக்குத் தரப்படுவது. வீட்டுக்கோ குடும்பத்துக்கோ அல்ல. உரிமத்தில் பெயர் இல்லாதவர் அதை எடுத்துச் சுட்டால் ஆயுதச் சட்டப்படி குற்றம், தாத்தாவின் உரிமமும் போய்விடும். குடகு மக்களுக்கு இருக்கும் விலக்கு நீலகிரிக்கும் உண்டு என்று ஊரில் சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படி எதுவும் இல்லை.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அது இந்த விளையாட்டுக்கு ஆகாது. பழைய டபுள் பேரல்கள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறையின் நீளம் 65 மில்லிமீட்டர். இன்றைய போட்டித் தோட்டா, வெடித்து வாய் விரிந்தபின் 70 மில்லிமீட்டர். குட்டையான அறைக்குள் அது முழுதாக விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். பழைய குழல் அதைத் தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தோட்டத்தில் சுடுவது இன்னும் மோசம். ட்ராப் தோட்டாவின் ஈயக் குண்டுகள் சமதளத்திலேயே 200 மீட்டர் வரை போய் விழும். கோத்தகிரிச் சரிவில் கீழே இருக்கும் பாதையையும் லயத்து வீட்டையும் எட்டிவிடும். விழுந்த ஈயம் தேயிலை மண்ணிலும் ஓடைத் தண்ணீரிலும் தங்கும். சத்தத்துக்கு மிரண்ட காட்டெருமை எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. கிளே (களிமண் தட்டு) எறியும் கைக்கருவி ஒன்று வாங்கிச் சும்மா பழகலாம் என்று யாராவது சொன்னாலும் இதே பதில்தான்.

21 வயது ஆகும்வரை உங்கள் பெயரில் உரிமம் கிடைக்காது. அதனால் பழகவே முடியாது என்று நினைக்க வேண்டாம். அனுமதி பெற்ற ரேஞ்சில் (சுடும் களத்தில்), பயிற்சியாளர் முன்னிலையில், சங்கத்தின் துப்பாக்கியால் பழகுவதற்குச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் தொடங்க வேண்டிய வழியும் அதுதான்.

ட்ராப்பா, ஸ்கீட்டா? இரண்டிலும் உடைப்பது 11 சென்டிமீட்டர் அகலமும் சுமார் 105 கிராம் எடையும் உள்ள ஒரே தட்டு. தோட்டாவிலும் இரண்டுக்கும் ஒரே வரம்பு, 24 கிராம் ஈயம். மற்றதெல்லாம் வேறு. ட்ராப்பில் உங்களுக்கு 15 மீட்டர் முன்னால், தரைக்குக் கீழே தட்டை எறியும் 15 எந்திரங்கள். ஐந்து நிலைகளில் மாறி மாறி நிற்பீர்கள். எந்த எந்திரத்திலிருந்து, எந்தக் கோணத்தில் தட்டு வரும் என்பது தெரியாது. இடமும் வலமும் 45 டிகிரி வரை விரியும். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் உங்களை விட்டு விலகி ஓடும். துப்பாக்கி முதலிலேயே தோளில் இருக்கும். தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா. ஸ்கீட்டில் தட்டு வரும் பாதை தெரியும். ஆனால் தட்டை விடச் சொல்லிக் குரல் கொடுத்த பின் மூன்று நொடிக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும், அதுவரை துப்பாக்கி இடுப்புப் பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். சில நிலைகளில் எதிரெதிராக இரண்டு தட்டுகள் ஒரே நேரத்தில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரே தோட்டா.

உங்களுக்கு நான் சொல்வது ட்ராப். புதிதாக வருபவர் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றும் வேலையை நிதானமாகச் செய்து, கன்னம் சரியாகப் பதிந்ததா என்று பார்த்துக்கொண்டு, அதன் பிறகே குரல் கொடுக்கலாம். பிழை எங்கே என்று பயிற்சியாளருக்கும் சுலபமாகத் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் இந்த விளையாட்டில் ஆள் பலம் இருப்பது ட்ராப்பில்தான். புதுக்கோட்டையைச் சேர்ந்த ப்ருத்விராஜ் தொண்டைமான் 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற ட்ராப் அணியில் இருந்தார், 2024-ல் பாரிஸுக்கும் போனார். யாரோடு சேர்ந்து பழகுகிறோம் என்பது இந்த விளையாட்டில் பெரிய விஷயம்.

இனி உங்கள் ரைபிள் பழக்கம். முகாமில் முதலிடம் வந்ததற்கு வாழ்த்துகள். பாதுகாப்பு ஒழுக்கம், கட்டளைக்குக் கட்டுப்படுவது, புள்ளி குறைந்தாலும் அடுத்த குண்டுக்கு மனதைத் திருப்புவது ஆகிய மூன்றும் உங்களோடு வரும். சுடும் முறையை மட்டும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். ரைபிளில் ஒரு கண்ணை மூடி, முன் குறியைப் பார்த்து, மூச்சை நிறுத்தி, விசையை மெல்ல மெல்ல அழுத்தினீர்கள். ட்ராப்பில் இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும். பார்வை தட்டின் மேல் மட்டும். குழல் நுனியில் இருக்கும் மணியைப் பார்க்கவே கூடாது. மணியைப் பார்த்த நொடியில் கை நின்றுவிடும், குண்டு தட்டுக்குப் பின்னால் போகும். ரைபிளிலிருந்து வருபவர்கள் தட்டுகளைத் தவற விடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். விசையையும் அழுத்திக்கொண்டே இருக்க நேரம் இல்லை. தட்டு புறப்பட்டு ஒரு நொடி ஆவதற்கு முன்பே, அது உங்களிடமிருந்து 35 மீட்டர் தொலைவைத் தாண்டுவதற்குள் முதல் தோட்டா போயாக வேண்டும்.

மலையிலேயே, ஒரு தோட்டாகூடச் செலவில்லாமல் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. முதலாவது கண். இரண்டு கைகளையும் நீட்டி, கட்டைவிரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை வருமாறு சேர்த்து, தூரத்தில் இருக்கும் ஒரு மின்கம்பத்தின் உச்சியை இரண்டு கண்ணாலும் அதன் வழியே பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது உச்சி மறைகிறதோ அதுதான் உங்கள் ஆளும் கண். வலது தோளில் சுடுபவருக்கு இடது கண் ஆளும் கண்ணாக இருந்தால் குண்டு இடப்பக்கம் விலகும். வருடக்கணக்கில் பழகினாலும் காரணம் புரியாது. அப்படி இருந்தால், நீங்கள் இன்னும் தொடங்கவே இல்லை என்பதால், இடது தோளுக்கு மாறிவிடுவது நல்லது. இரண்டு மாதம் கை ஒத்துழைக்காது, பிறகு பழகிவிடும். முடியவே இல்லை என்றால் கண்ணாடியின் இடது லென்ஸில், அந்தக் கண் குழலைப் பார்க்கும் இடத்தில் மட்டும், கட்டைவிரல் நகம் அளவுக்கு மங்கலான டேப் ஒட்டும் வழி இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பவர் இருந்தால் சுடும் கண்ணாடியிலேயே அதைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஏற்றும் பழக்கம். ஊர்த் தச்சரிடம் சொல்லி, கன்னம் பதியும் கட்டையும் முன்கை பிடிக்கும் இடமும் உள்ள ஒரு மரச் சட்டம் செய்துகொள்ளுங்கள். மூன்றரைக் கிலோ எடை, நாலடிக்குக் கொஞ்சம் குறைவான நீளம். வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்துங்கள். வெளியே எடுத்துப்போனால் பார்ப்பவர்கள் துப்பாக்கி என்றே நினைப்பார்கள். கண்ணாடி முன் நின்று ஒரு நாளைக்கு 50 முறை, மெதுவாக. சட்டம் கன்னத்துக்கு வர வேண்டும். தலை சட்டத்தைத் தேடிக் குனியக் கூடாது. முதலில் கன்னம், கூடவே தோள். ஏற்றி முடித்ததும் கண்ணாடியில் உங்கள் கண்மணி சட்டத்தின் மேல்விளிம்புக்கு நேர் மேலே, நடுவில் தெரிய வேண்டும். 30 முறைக்குப் பிறகு தோள் தளர்ந்து தலை எழும்பத் தொடங்கினால் அன்று அதோடு நிறுத்துங்கள். களைப்பில் செய்யும் 20 முறை, தவறான பழக்கத்தைத்தான் உடம்பில் ஏற்றும். ரேஞ்சில் தலை எழும்பினால் குண்டு தட்டுக்கு மேலே போகும்.

இது கைக்கு வந்ததும் சட்டத்தின் நுனியில் சின்ன டார்ச் ஒன்றைக் கட்டுங்கள். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, சுவரும் கூரையும் சேரும் கோட்டில் வெளிச்சம் பிசகாமல் இடமிருந்து வலம், வலமிருந்து இடம் ஓட்டுங்கள். கையால் ஓட்டினால் வெளிச்சம் வளைந்து கோட்டை விட்டு இறங்கும். இடுப்பிலிருந்து திரும்பினால் கோட்டிலேயே ஓடும். எந்தப் பயிற்சியாளர் விளக்கியும் புரியாத விஷயம் இந்த வெளிச்சத்தைப் பார்த்தால் ஒரே வாரத்தில் புரிந்துவிடும்.

சங்கத்தின் துப்பாக்கியில் முதல் நாளிலேயே கவனிக்க வேண்டிய ஒன்று: அது உங்கள் உடம்புக்குச் செய்ததல்ல. பெரும்பாலான துப்பாக்கிகளில் விசையிலிருந்து, தோளில் பதியும் கட்டையின் முடிவு வரை 37 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். ஐந்தடி இரண்டு அங்குலம் உயரம் உள்ள பெண்ணுக்கு 34, 35 போதும். நீளமான கட்டை அக்குளில் மாட்டும், அல்லது தோள் மூட்டுக்கு வெளியே மேல்கைத் தசையில் உட்காரும். மறுநாள் அங்கே நீலம் பாரித்திருக்கும். கட்டையின் கீழ்முனை மார்பில் குத்தினால் அதன் சாய்வை மாற்றவோ முனையை வெளிப்பக்கம் திருப்பவோ வேண்டும். "பழகினால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். வலிக்குப் பயந்து விசையை இழுக்கும் முன்பே கண் மூடும் பழக்கம் வந்துவிட்டால் அதை நீக்க ஓர் ஆண்டு ஆகும். முதல் மாதம் ஒரு நாளைக்கு 50 தோட்டாவுக்கு மேல் வேண்டாம். காதுக்குள் ஒரு அடைப்பானும் அதன் மேல் மஃப்பும், இரண்டும் சேர்த்தே போடுங்கள். ரேஞ்சில் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். ஈயம் கைவழியாகவும் உள்ளே போகும்.

மலை உயரம் இடைஞ்சலா என்றால், இல்லை. கோத்தகிரி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு. அது சுடுவதற்குத் தடை அல்ல. பாரிஸில் பெண்கள் ட்ராப்பில் தங்கம் வென்ற அத்ரியானா ருவானோவின் ஊர் குவாத்தமாலா நகரமும் 1,500 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. உங்களுக்குச் சிக்கல் வரப்போவது சமவெளி வெயிலில். 20 டிகிரியில் பழகிய உடம்போடு மேட்டுப்பாளையம் இறங்கி, மறுநாள் 38 டிகிரியில், கனத்த வெஸ்ட் போட்டுக்கொண்டு 125 தட்டுக்கு (சுற்றுக்கு 25 என ஐந்து சுற்று) நின்றால் மூன்றாவது சுற்றில் கவனம் கலையும். வியர்வையில் கன்னம் கட்டையில் வழுக்கும், கண்ணாடி மங்கும். உடம்பு வெயிலுக்குப் பழக பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும். அவ்வளவு நாள் முன்னதாகப் போய்த் தங்க வசதி இல்லையென்றால் நாலைந்து நாளாவது முன்பே இறங்கி, தினமும் ஒரு மணி நேரம் வெயிலில் நடங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ குடியுங்கள். காபியைக் குறைத்துக்கொள்ளுங்கள். பனிமூட்டத்துக்குப் பழகிய கண்ணுக்கு வெட்டவெளி வானம் கூசும். முதல் நாள் தட்டைத் தேடுவதிலேயே நேரம் போகும். வெளிச்சம் குறைவான நாளுக்கு மஞ்சள் லென்ஸ், பச்சை மரங்கள் பின்னணியாக உள்ள ரேஞ்சுக்கு ஊதா லென்ஸ் என இரண்டு வைத்துக்கொண்டால் ஆரஞ்சுத் தட்டு பளிச்சென்று பிரிந்து தெரியும்.

பின்னாளில் சொந்தத் துப்பாக்கி வந்த பிறகு நினைவில் வைக்க வேண்டியது ஒன்று. மழைக்காலத்தில் மலை வீட்டில் அதை உறைக்குள் வைத்தே விட்டுவிடாதீர்கள். தோலும் துணியும் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், இரண்டு வாரத்தில் குழலில் துருப் புள்ளி விழும், கட்டையில் பூஞ்சை படியும். பூட்டிய இரும்புப் பெட்டியில், சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மலையிலிருந்து குளிர்ந்த துப்பாக்கியைக் கீழே கொண்டுபோனதும் பெட்டியைத் திறந்தால் மேலெல்லாம் நீர் பூக்கும். ஒரு மணி நேரம் மூடியபடியே இருக்கட்டும். பிறகு எடுத்துத் துடைத்து லேசாக எண்ணெய் போடுங்கள்.

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த விளையாட்டில் பலருடைய பயணம் நின்றுபோவது திறமை இல்லாமல் அல்ல, தோட்டா இல்லாமல்தான். கணக்கைப் பாருங்கள். மாதம் இரண்டு முறை கீழே இறங்கி, ஒவ்வொரு முறையும் மூன்று நாள், நாளைக்கு 75 தட்டு என்றால் மாதம் 450. பத்து மாதத்துக்கு 4,500. தட்டுக்கு ஒரே தோட்டா போட்டால் 4,500 தோட்டா. இரண்டாவது தோட்டாவும் போட்டுப் பழகினால் மூன்றில் ஒரு பங்கு கூடி 6,000 ஆகும். இது தொடங்குபவரின் அளவு. தேசியப் போட்டியில் நிற்க ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்குக் குறையாமல் வேண்டும். அதனால் முதல் ஆண்டு முழுவதும் ஒரே தோட்டா போட்டுப் பழகுங்கள். செலவு குறையும், இரண்டாவது இருக்கிறது என்ற தைரியத்தில் முதலாவதை அவசரமாக வீணடிக்கும் பழக்கமும் வராது. ரேஞ்சுக்குப் போன் செய்து மூன்று விலையைக் கேளுங்கள்: ஒரு தோட்டா, ஒரு சுற்றுக்கான தட்டுக் கட்டணம், பயிற்சியாளர் கட்டணம். அதோடு பஸ், தங்குமிடம், சாப்பாடு சேர்த்து, ஓர் ஆண்டுக்கு ஆகும் தொகையை ஒரே தாளில் எழுதி அப்பா முன் வையுங்கள். ஒன்றரை ஏக்கர் பச்சைத் தேயிலை வருமானம் இதைத் தாங்காது. வாங்கும் விலை கிலோவுக்குச் சில ரூபாய் இறங்கினாலே உங்கள் வீட்டில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். நிலத்தின் மேல் கடன் வாங்கி இதைச் செய்ய வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

அப்படியானால் வழி என்ன? ஹாங்சோவில் வெள்ளி வென்ற பெண்கள் ட்ராப் அணியைப் பாருங்கள். அதில் மனிஷா கீர், போபால் பக்கத்து மீனவர் ஒருவரின் மகள். ப்ரீத்தி ரஜக்கின் அப்பா இட்டார்சியில் சலவைக் கடை வைத்திருந்தவர். இருவரையும் வளர்த்தது மத்தியப் பிரதேச அரசின் போபால் அகாடமி. துப்பாக்கி, தோட்டா, தங்குமிடம் எல்லாவற்றையும் அது ஏற்றது. ப்ரீத்தி 2022 டிசம்பரில் ராணுவப் போலீஸில் ஹவில்தாராகச் சேர்ந்தார். 2024 ஜனவரியில் இந்திய ராணுவத்தின் முதல் பெண் சுபேதார் ஆனார். ஆகவே உங்கள் முதல் இரண்டு ஆண்டு இலக்கு பதக்கம் அல்ல. தோட்டாச் செலவை ஒரு நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு ஒரு புள்ளிப் பட்டியலைக் கையில் வைத்திருப்பதுதான். மத்தியப் பிரதேசத்தின் மோ (Mhow) நகரில் உள்ள ராணுவத்தின் குறிசுடும் பிரிவு, ரயில்வே, காவல்துறை, பொதுத்துறை நிறுவனங்கள் எல்லாம் பார்ப்பது சான்றிதழையும் புள்ளியையும்தான். தமிழ்நாட்டு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் உதவித்தொகைத் திட்டங்களுக்கும், அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கும் அதே கதை.

அந்தப் பட்டியலுக்குப் படிகள் உண்டு. தமிழ்நாடு துப்பாக்கி சுடும் சங்கத்தோடு இணைந்த ஒரு கிளப்பில் உறுப்பினர் ஆக வேண்டும். ஷாட்கன் (ட்ராப், ஸ்கீட்டுக்கான துப்பாக்கி) ரேஞ்ச் உள்ள கிளப்பாகப் பாருங்கள். ஏர் ரைபிள் மட்டும் உள்ள இடத்தில் சேர்ந்தால் கட்டணம்தான் வீண். உங்களுக்குப் புதுக்கோட்டைப் பக்கம் ஓர் இரவுப் பயணம். பிறப்புச் சான்று, ஆதார், புகைப்படம், கல்லூரியின் சான்று எல்லாவற்றிலும் பெயரின் முதலெழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஒன்றில் தந்தை பெயர், இன்னொன்றில் வெறும் முதலெழுத்து என்று இருந்தால் பின்னால் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது கோப்பு நிற்கும். மாநிலப் போட்டி, அதில் குறைந்தபட்சத் தகுதிப் புள்ளி, அடுத்த நிலைத் தகுதிப் போட்டி, தேசியப் போட்டி, அதன்பின் தேர்வுச் சுற்றுகள் என்று போகும். தகுதிப் புள்ளி அவ்வப்போது மாறும், ஒவ்வோர் ஆண்டும் தேசிய ரைபிள் சங்கத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூனியர் பிரிவில் உங்களுக்கு இருக்கும் காலம் குறைவு, அதனால் இந்த ஆண்டே மாநிலப் போட்டியில் பெயரைப் பதியுங்கள், புள்ளி எவ்வளவு வந்தாலும் சரி. உரிமத்துக்கான விண்ணப்பம் 21 முடிந்ததும் ஆன்லைனில் பதிந்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும். சாதாரண உரிமத்தில் ஆண்டுக்குத் தரப்படும் தோட்டா அளவு பயிற்சிக்குப் போதாது. போட்டிகளில் தகுதி பெற்றவர்களுக்கு அளவு கூடுதல், இறக்குமதிச் சலுகையும் உண்டு. புள்ளி இதற்கும்தான் வேண்டும்.

எப்போது தொடர்வது, எப்போது விடுவது? என் அளவுகோல் இது. முதல் 4,500 தட்டு முடியும்போது 25-க்குச் சராசரி 18 வர வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் 21-ஐத் தாண்ட வேண்டும். 125-க்கு 105 என்றால் கதவுகள் திறக்கத் தொடங்கும். ஒரு நாள் 23 அடித்ததைச் சொல்லாதீர்கள், பத்துச் சுற்றுச் சராசரியைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நோட்டில் எழுதுங்கள்: எந்த நிலை, தட்டு இடமா வலமா நேரா, விட்டது மேலா பின்னாலா, வானம் எப்படி. ஒரு சுற்றில் ஒவ்வொரு நிலையிலும் இடம் இரண்டு, வலம் இரண்டு, நேர் ஒன்று வரும் என்பதால் இருபது சுற்றுக்குள் உங்கள் பலவீனம் எண்ணாகவே தெரிந்துவிடும். ஐந்தாம் நிலையில் வலப்பக்கத் தட்டுகளை மட்டும் பாதிக்கு மேல் விடுகிறீர்கள் என்றால் அது மனப் பிரச்சினை அல்ல, கால் வைக்கும் திசையின் பிரச்சினை.

பட்டப் படிப்பை விடாதீர்கள். போட்டியில் நேரடியாகச் சம்பாதிப்பவர்கள் மிகச் சிலர். மற்றவர்களைத் தாங்குவது வேலைதான், அந்த வேலைக்கும் பட்டம் கேட்பார்கள்.

அடுத்த விடுமுறையில் மூன்று நாளுக்கு ஒரு ரேஞ்சில் அனுமதி வாங்குங்கள். அப்பாவையும் அழைத்துப் போங்கள். முதல் நாள் சுடாமல், நிலைகளுக்குப் பின்னால் நின்று ஐந்து சுற்று பாருங்கள். தட்டு எங்கே உடைகிறது, சுடுபவரின் தலை அசைகிறதா என்று மட்டும் கவனியுங்கள். இரண்டாம் நாள் கட்டையின் நீளத்தை அளந்து, நேராகப் போகும் தட்டை மட்டும் வைத்து 25. மூன்றாம் நாள் 50. திரும்பி வரும் பஸ்ஸிலேயே அப்பாவும் நீங்களும் செலவுத் தாளை நிரப்பிவிடுங்கள்.